பெருமூச்சின் முன்பாதி

பித்தப்பையை எடுத்த மறுநாள் காலை, அம்மாவின் கட்டிலுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வந்து சேர்ந்தது. கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. அதில் வரிசையாக மூன்று கூண்டுகள், கூண்டுக்கு ஒரு பந்து, பக்கவாட்டில் வளைந்து வரும் ஒரு குழாய். பிசியோதெரபி பெண் அதை அம்மாவிடம் கொடுத்து, "குழாயை வாயில வெச்சுப் பந்தை மேல தூக்குங்கம்மா" என்றார். அம்மா கன்னம் உப்ப, பலூன் ஊதுவதுபோல ஊதினாள். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஊதக் கூடாதும்மா. இளநி உறிஞ்சற மாதிரி உறிஞ்சுங்க."

உறிஞ்சினாள். தையல் இழுத்திருக்கும், முகம் சுருங்கியது. முதல் பந்து பாதி உயரம் போய் விழுந்தது.

"இது எதுக்குங் கண்ணு எனக்கு?"

"ஆபரேஷன் ஆனதுல இருந்து நீங்க ஒரு பெருமூச்சுகூட விடலைங்கம்மா. அதுக்குத்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள். பெருமூச்சு விட்டதற்காகக் காலமெல்லாம் திட்டு வாங்கியவள் அவள். "வெளக்கு வெக்கற நேரத்துல என்ன பெருமூச்சு? வூட்டுக்கு ஆகாது" என்று பாட்டி அதட்டாத நாள் குறைவு. இங்கே என்னடாவென்றால் பெருமூச்சு விடச் சொல்லிக் கருவியே கொடுக்கிறார்கள்.

அடுத்த கட்டில் பெரியவரும் ஊதிக்கொண்டுதான் இருந்தார். நான் பார்த்தவரை அந்த வார்டில் அந்தப் பெட்டியை வாங்கிய எல்லோரும் முதலில் ஊதினார்கள். எல்லோரிடமும் அந்தப் பெண் அதே இளநீரைச் சொன்னார். பெருமூச்சு என்றதும் காற்றை வெளியே தள்ளுவது மட்டும் நம் நினைவுக்கு வருவதற்கு, சொல்லை நாம் பழகிவைத்திருக்கும் விதமும் ஒரு காரணம் என்று எனக்குப் பட்டது.

தமிழில் மூச்சு படாத பாடு படுகிறது. வாங்குகிறது, இரைக்கிறது, முட்டுகிறது, திணறுகிறது. மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. பிடித்தமானவர் பெயரை மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறோம். ரகசியத்தைச் சொல்லிவிட்டு, வெளியில் மூச்சு விடாதே என்கிறோம். இத்தனை வினைகள் இருந்தும் பெருமூச்சுக்கு அமைந்தவை இரண்டுதான். பேச்சில் அதை விடுவோம். எழுத்தில், கொஞ்சம் நடை வேண்டுமென்றால், எறிவோம். இரண்டும் வெளியே போகிற காற்றைப் பற்றியவை. "பெருமூச்சு எடுத்தான்" என்று எழுதினால் பிழைதிருத்துபவர் வட்டம் போட்டுவிடுவார்.

அடைமொழியும் கிட்டத்தட்ட இரண்டே. ஏக்கப் பெருமூச்சு கதைகளில் வரும். நிம்மதிப் பெருமூச்சு நாளிதழ்களுக்குச் சொந்தம். ஊருக்குள் புகுந்த சிறுத்தை கூண்டில் சிக்கினால், செய்தியின் கடைசி வரியில் பொதுமக்கள் அதை விட்டே தீர வேண்டும்.

பழைய சொற்கள் இன்னும் கூர்மையானவை. நெட்டுயிர்ப்பு என்றார்கள், நீண்ட மூச்சு. வெய்துயிர்த்தல் என்றார்கள், வெப்பமாக மூச்சு விடுதல். நீளம், வெப்பம், பெருமை என்று ஒவ்வொரு சொல்லும் ஓர் அளவைச் சொல்கிறது. காதில் விழும் ஓசையை இவற்றில் எதுவும் சொல்லவில்லை. ஓசைக்கு 'உஸ்', 'அப்பாடா' எல்லாம் தனியே இருக்கின்றன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகையும் அழுகையும் முதலான எட்டைச் சொன்ன பிறகு இன்னும் 32 மெய்ப்பாடுகளைப் பட்டியலிடுகிறது. கனவு, வியர்த்தல், நடுக்கம் ஆகியவற்றோடு உயிர்ப்பும் அதில் இருக்கிறது. உள்ளே நடப்பதை உடம்பு வெளியே காட்டிக்கொடுக்கும் இடங்களில் மூச்சும் ஒன்று என்று அன்றைக்கே கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

உடலியலாளர்களும் பெருமூச்சை அளவை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். நடுநடுவே ஒரு மூச்சு அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பெரிதாக வரும். அதுதான் பெருமூச்சு. கவலை இருக்க வேண்டியதில்லை, சத்தம் கேட்க வேண்டியதில்லை. தூங்கும்போதும் வரும். சராசரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. மணிக்கு 12, நாளுக்கு முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. அதில் நம் காதில் விழுவது எத்தனை? பாட்டியின் காதில் விழுந்தது எத்தனை? மற்றதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடந்து முடிகிறது.

அதன் வடிவம் விசித்திரமானது. ஆய்வகத்தில் மூச்சின் வரைபடத்தைப் பார்த்தால், பெருமூச்சு வழக்கமான மூச்சாகத்தான் தொடங்குகிறது. உள்ளிழுத்து முடியும் தறுவாயில், வெளியே விட வேண்டிய நேரத்தில், அதன் தலைமேல் இன்னொரு இழுப்பு ஏறி உட்காருகிறது. மாடிமேல் மாடி. பிறகுதான் மொத்தமாக வெளியே வருகிறது. வந்த பின் அடுத்த மூச்சு சற்றுத் தாமதிக்கிறது. இந்த இரட்டை இழுப்பைப் பார்க்கக் கருவி வேண்டாம். அழுது ஓய்ந்து தூங்கிப்போன குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருக்கும், முகம் அமைதியாக இருக்கும், திடீரென்று நெஞ்சு மட்டும் 'ஹுக், ஹுக்' என்று அடுக்கடுக்காக இழுத்துவிட்டு நீளமாக விடும். குழந்தை இன்னும் ஏங்குகிறது என்று அம்மாக்கள் போர்வையை இழுத்துவிடுவார்கள்.

இந்த இரண்டாம் இழுப்பு எதற்கு என்பதற்கு விடை நுரையீரலின் அடிக்கோடியில் இருக்கிறது. மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். 2004-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, ஒருவருக்குச் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் என்றது. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் பேட்மின்டன் மைதானத்தை நெருங்கும். ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவதும் கரியமில வாயு வெளியே வருவதும் இந்தப் பரப்பின் வழியாகத்தான்.

நுண்ணறையின் உட்சுவர் ஈரமானது. சிக்கல் அந்த ஈரத்தில்தான். மளிகைக் கடையில் பாலிதீன் பை கொடுக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள் (தடை வந்து வருடங்கள் ஆகின்றன, காட்சி இன்னும் மறையவில்லை). ஈரம் பட்ட பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் வாயோரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பார், திறக்காது. கடைசியில் 'புஃப்' என்று ஓர் ஊது, பை விரிந்துவிடும். திறந்த பையைத் திறந்தபடி வைத்திருப்பது சுலபம், ஒட்டிய பையைத் திறக்கத்தான் பலம் வேண்டும். பலூனிலும் முதல் ஊதுதான் கடினம்.

நீரின் பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கும். குமிழி சிறிதாகச் சிறிதாக அது இன்னும் பலமாகச் சுருட்டும். வழக்கமான சிறுமூச்சில் எல்லா நுண்ணறைகளும் ஒரே அளவு விரிவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில, ஈரச் சுவர் ஒட்டிச் சுருண்டுவிடும். அரை லிட்டர் காற்றின் அழுத்தத்துக்கு அவை திறக்காது. அப்படியே விட்டால் அந்தப் பகுதிக்கு ரத்தம் போகும், ஆக்சிஜன் ஏறாமல் திரும்பி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும் அந்த மாடிமேல் மாடி இழுப்பு கடைக்காரரின் வேலையைச் செய்கிறது. அவர் வெளியிலிருந்து ஊதித் திறக்கிறார். உடம்பு உதரவிதானத்தைக் கீழே இழுத்து, நெஞ்சை விரித்து, காற்றை உள்ளே உறிஞ்சித் திறக்கிறது.

அதோடு முடிவதில்லை. சுவர் ஒட்டாமலிருக்க நுரையீரல் தானே ஒரு பூச்சு தயாரிக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்பார்கள், பெரும்பாலும் கொழுப்பு, சோப்பு நீர்போல நீரின் இறுக்கத்தைத் தளர்த்துவது. நுண்ணறைச் சுவரிலுள்ள ஒரு வகைச் செல்கள் இதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சேமித்து வைத்திருக்கும். அந்தச் செல்லை ஒரே ஒரு முறை நீட்டி இழுத்தால் போதும், பொட்டலம் அவிழும் என்று 1990-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். பெருமூச்சில் நுரையீரல் நன்றாக விரியும்போது இந்தச் செல்களும் நீள்கின்றன. ஒட்டியதைத் திறப்பதும், மறுபடி ஒட்டாமலிருக்கப் பூசுவதும் ஒரே இழுப்பில் நடக்கின்றன. காற்று வெளியே வரும்போது இதில் எந்த வேலையும் மிச்சமில்லை. நாம் விடுகிறோம் என்றும் எறிகிறோம் என்றும் சொல்லும் பின்பாதி, வேலை முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும் சத்தம்.

அந்தப் பூச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு துயரத்தின் மூலம் தெரிந்துகொண்டது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்த மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்தவன். மூச்சுக்குத் தவித்தான். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 39 மணி நேரம் உயிரோடு இருந்தான். குறைமாதக் குழந்தைகளை இப்படிக் கொல்வது சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறைதான் என்று அதே பாஸ்டனில் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் இருவரும் 1959-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. 1980-இல்தான் ஜப்பானில் தெத்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பூச்சைப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். இன்று பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது வழக்கமான மருந்து.

பேட்ரிக் இறந்த அதே ஆண்டில், அதே ஊரின் மயக்க மருத்துவர்கள் பெருமூச்சைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அறுவை சிகிச்சையின்போது இயந்திரம் நோயாளிக்கு ஒரே அளவான மூச்சை, தாளம் தப்பாமல், மணிக்கணக்கில் கொடுக்கும். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் நேரம் ஆக ஆக ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியது. கட்டுரையை எழுதிய பெண்டிக்ஸனும் அவருடைய சகாக்களும் இடையில் சில மூச்சுகளை ஆழமாக, மெதுவாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆக்சிஜன் ஏறியது. தப்பாத தாளம்தான் தப்பு. அதன் பிறகு வந்த வென்டிலேட்டர்களில் பெருமூச்சுக்கென்றே ஒரு விசை இருந்தது. மூச்சின் முடிவிலும் நுரையீரலில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைக்கும் முறை வந்ததும் அந்த விசையை மறந்தார்கள். இப்போது மறுபடி நினைவு வந்திருக்கிறது. விபத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளில் பாதிப்பேருக்கு, ஆறு நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2023-இல் வெளிவந்தது. வென்டிலேட்டர் இல்லாமல் கழிந்த நாட்களில் உறுதியாகச் சொல்லுமளவுக்கு வித்தியாசமில்லை. ஆனால் பெருமூச்சு பெற்றவர்களில் இறந்தவர்கள் குறைவு. இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. விசையை மறுபடி எட்டிப் பார்க்கலாம்.

சரி, ஐந்து நிமிடம் ஆகிவிட்டது என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் சில ஆயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு முடிச்சு இருக்கிறது. நம் மூச்சின் தாளமே அங்குதான் பிறக்கிறது என்று ஜாக் ஃபெல்ட்மனின் குழு 1991-இல் காட்டியது. அதன் பெயர் ப்ரீ-பாட்ஸிங்கர் முடிச்சு. பாட்ஸிங்கர் யாரோ பெரிய ஜெர்மன் விஞ்ஞானி என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். மாநாட்டு விருந்து ஒன்றில் மேசையில் இருந்த ஒயின் புட்டியின் பெயராம். பக்கத்து முடிச்சுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதையொட்டி இது 'ப்ரீ'. உயிர் மூச்சின் உற்பத்திசாலைக்கு ஒயின் பெயர். பெயர்சூட்டு விழாவில் நம்மூர் ஆள் யாராவது இருந்திருக்கலாம்.

பெருமூச்சுக்கான நரம்புச் சுற்று 2016-இல் பிடிபட்டது. எலிகளில், அந்த முடிச்சின் அருகே சுமார் 200 நரம்பணுக்கள் இரண்டு சின்னப் புரதத்துணுக்குகளைத் தயாரித்து அனுப்புகின்றன. முடிச்சுக்குள் இன்னொரு 200 அவற்றை வாங்குகின்றன. வாங்கியதும் வழக்கமான மூச்சின்மேல் இரண்டாம் இழுப்பு ஏறுகிறது. வாங்கும் செல்களை அழித்தபோது மூச்சு நிற்கவில்லை, பெருமூச்சு மட்டும் நின்றுபோனது. இந்தத் துணுக்குகளின் உறவுக்காரப் பொருள் ஒன்று, பாம்பெஸின், ஐரோப்பியத் தவளை ஒன்றின் தோலில் 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எலி மூளையின் இந்த இடத்தில் செலுத்தினால் பெருமூச்சு பல மடங்கு பெருகுகிறது. சின்ன உடம்பு, சின்ன நுண்ணறை என்பதாலோ என்னவோ, எலி சாதாரணமாகவே நம்மைவிட அதிகம் பெருமூச்சு விடும். மணிக்கு நாற்பதைத் தொடும்.

அப்படியென்றால் ஏக்கமும் நிம்மதியும் பொய்யா? இல்லை. நுண்ணறைக்காக அமைந்த இந்தச் சுற்றில், மூளையின் மற்ற பகுதிகளிலிருந்தும் செய்தி வந்து சேர்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் எல்கே விளமின்க்ஸ், ஆட்களை மனஅழுத்தத்துக்கு உட்படுத்தி, பிறகு அதிலிருந்து விடுவித்துப் பார்த்தார். பெருமூச்சு கூடியது விடுபட்ட நேரத்தில். அழுத்தத்தில் மூச்சின் தாளம் கலைந்துபோகிறது, பெருமூச்சு அதை மீண்டும் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பது அவருடைய கருத்து. 2005-இல் வேறு ஆய்வாளர்கள் எலிகளிலும் இதையே கண்டார்கள்: மின்னதிர்ச்சி வரும் என்று பயந்திருக்கும் எலிக்கு, இனி வராது என்ற அடையாள ஒலி கேட்டதும் பெருமூச்சு வருகிறது. நாளிதழின் கடைசி வரி எலிக்கும் பொருந்தும்.

நார்வேயின் கார்ல் டைகன் வேறு கேள்வி கேட்டார். அடுத்தவர் பெருமூச்சு விட்டால் என்ன நினைப்பீர்கள்? சோகம் என்றார்கள் பெரும்பாலோர். நீங்களே விட்டால்? அலுப்பு, கைவிடல் என்றார்கள். மாணவர்களுக்குத் தீர்க்கவே முடியாத புதிர்களைக் கொடுத்து உட்கார வைத்தபோது பலரும் பெருமூச்சு விட்டார்கள். விட்டது பலருக்கு நினைவே இல்லை. சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கப்படும் இக் நோபல் பரிசு 2011-இல் அவருக்குக் கிடைத்தது. மாமியார் மருமகள் சண்டைகளில் பாதி, ஒருவர் அலுப்பில் விட்டதை மற்றவர் வேறாக எடுத்துக்கொண்டதால் வந்தவை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆய்வு எதுவும் கையில் இல்லை.

வேண்டுமென்றே பெருமூச்சு விட்டால் மனம் இலேசாகுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். மூக்கால் ஒரு இழுப்பு, அதன்மேல் இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாயால் நீளமாக வெளியேற்றம். தினம் ஐந்து நிமிடம், ஒரு மாதம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2023-இல் வந்த இந்த ஆய்வில், இப்படிச் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிட நன்றாக இருந்ததாக அவர்களே சொன்னார்கள். பதற்றம் எல்லோருக்குமே குறைந்தது. கலந்துகொண்டவர்கள் நூறு சொச்சம் பேர்தான். யூடியூபில் இதை வைத்து நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு அது போதாது. ஐந்து நிமிடம் செய்துபார்க்கப் போதும். ஓயாமல் செய்துகொண்டிருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்று பெருமூச்சு தானாக வந்துகொண்டே இருந்தாலோ, எவ்வளவு இழுத்தாலும் நிறையவில்லை என்று தோன்றினாலோ மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அம்மாவிடம் திரும்பினால்: வயிற்றில் தையல் போட்டவர்கள் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். பெருமூச்சு வரும்போது அறியாமலே அடக்கிவிடுவார்கள். நுரையீரலின் கீழ்ப்பகுதி ஒட்டத் தொடங்கும். பின்னாலேயே சளியும் காய்ச்சலும் வரலாம். வலி மருந்தும், எழுந்து நடப்பதும், ஆழ்ந்த மூச்சும் இதற்காகத்தான். அந்தப் பெட்டியால் மட்டும் எவ்வளவு பயன் என்பதில் மருத்துவ உலகில் ஒரே குரல் இல்லை. ஆனால் மூன்று பந்துகளுக்கு அருகே 600, 900, 1200 என்று எழுதியிருந்த எண்களை அம்மா தேர்வு மதிப்பெண்போல எடுத்துக்கொண்டாள். அவை நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது என்ற கணக்கு. நான்காம் நாள் 900 ஏறியது. அடுத்த கட்டில் பெரியவரைப் பார்த்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் யாராவது வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தால், தையல்மேல் ஒரு சின்னத் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், வலி குறையும். மருத்துவர் சொன்ன கணக்குப்படி விழித்திருக்கும் நேரமெல்லாம் ஆழமாக மூச்சை எடுக்கச் சொல்லுங்கள். பந்துப் பெட்டி கொடுத்திருந்தால் கூடவே ஒரு நிமிடம் நில்லுங்கள். குழாயை வாயில் வைத்ததும் அவர் ஊதத்தான் செய்வார். உறிஞ்சச் சொல்லுங்கள்.